விரிசலை ஒலியால் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவெறும்பூர், துவாக்குடி பக்கத்துப் பட்டறைகளில் பதினெட்டு வருடமாக அல்ட்ராசானிக் சோதனை (சுருக்கமாக யூடி) செய்கிறேன். காதுக்குக் கேட்காத ஒலியை உலோகத்துக்குள் அனுப்பி விரிசல் தேடும் வேலை இது. கொஞ்ச வருடமாகச் சொல்லியும் கொடுக்கிறேன். பாய்லர் உறுப்பு, அழுத்தக் கலன், பாலத்துக்குப் போகும் கர்டர் என்று ஜாப் மாறிக்கொண்டே இருக்கும். என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. வெல்டர்கள், பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், பட்டறை முதலாளிகள், தண்டவாளம் பக்கம் வீடு உள்ளவர்கள் கேட்டதையெல்லாம், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். எளிதானது முதலில், போகப் போகச் சிக்கலானது.

"யூடி யூடின்னு சொல்றீங்களே சார், ஸ்கேன் சென்டர்ல வயித்துல வெச்சுப் பாக்குறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?"

ஒன்றுதான். மேலே வைத்து நகர்த்துகிறோமே, அந்தக் கையடக்கத் துண்டுதான் புரோபு. அதற்குள் ஒரு படிகம் இருக்கிறது. அதற்கு மின்துடிப்பு கொடுத்தால் அதிரும். அந்த அதிர்வு ஒலியாக உள்ளே போகும். எதிலாவது மோதித் திரும்பி வந்தால், அதே படிகம் அதை மறுபடி மின்சாரமாக்கிக் கருவிக்குக் கொடுக்கும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இரும்பில் நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது விநாடிக்கு இருபது லட்சம் முதல் ஐம்பது லட்சம் அதிர்வு. உடம்புக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். எஃகில் 5,920 மீட்டர்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தக் கருவி பட்டறையிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. உலோகத்துக்குள் இருக்கும் குறையை ஒலியால் தேடலாம் என்று 1928-ல் சொன்னவர் சோவியத் விஞ்ஞானி செர்கேய் சொகொலோவ். துடிப்பை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் கருவிக்கு அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிளாய்ட் ஃபயர்ஸ்டோன் 1942-ல் காப்புரிமை பெற்றார். 1955-ல் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவரான இயன் டொனால்ட், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் வைத்துக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த ஒரு பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே வெல்டு பார்க்க வைத்திருந்த கருவியை அந்தக் கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார். கர்ப்பிணிகளுக்கு இன்று எடுக்கும் ஸ்கேன் அங்கிருந்து வளர்ந்ததுதான். பாய்லர் ஊர்க்காரனான எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

"இதைப் பக்கத்துல நின்னு பாத்தா உடம்புக்கு ஏதாவது ஆகுமா?"

ஆகாது. இதில் கதிர்வீச்சே கிடையாது, வெறும் அதிர்வுதான். கயிறு கட்டி ஆட்களை விரட்டுவார்களே, அது எக்ஸ்ரே, காமா வேலை. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

"முடி மாதிரி விரிசல் அது. அதுல போய் சத்தம் எப்படி முட்டித் திரும்பும்?"

சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறோம். நல்ல பானை கணீர் என்கும், கீறல் விழுந்தது பொத்தென்று அடங்கும். கண்ணுக்குப் படாத கீறல் காதில் மாட்டிக்கொள்கிறது. விரிசல் என்பது உலோகத்துக்குள் எழும்பிய மெல்லிய காற்றுச் சுவர். எஃகிலிருந்து காற்றுக்குள் இந்த ஒலி போகவே போகாது; 99.9 சதவீதத்துக்கும் மேல் திரும்பிவிடும். சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன் இருந்தாலே போதும். ஆகவே விரிசல் எவ்வளவு அகலம் என்று கேட்காதீர்கள். அதன் முகம் எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று கேளுங்கள்.

புரோபுக்கு அடியில் பசையோ கிரீஸோ எண்ணெயோ தடவுவதும் இதே காரணத்துக்காகத்தான். நடுவில் காற்று இருந்தால் ஒலி வாசலோடு திரும்பிவிடும். பயிற்சிப் பிள்ளைகள் "சிக்னல் வரல சார்" என்று கருவியை நோண்டிக்கொண்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் பசை காய்ந்து போயிருக்கும், இல்லையென்றால் வெல்டிங்கில் தெறித்து ஒட்டிய துளியூண்டு உலோகம் (ஸ்பேட்டர்) ஒன்று புரோபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

"பெயிண்ட்டைச் சுரண்டணுமா?"

மெல்லியதாக, நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெயிண்ட் என்றால் வேண்டாம். ஆனால் அது தின்னும் ஒலியை ஈடுகட்டச் சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டும். உப்பியிருந்தாலோ உரிந்திருந்தாலோ சுரண்டித்தான் ஆக வேண்டும். உப்பலுக்குள் இருப்பது காற்று.

"அப்போ ஸ்கிரீன்ல தெரியுறது விரிசலோட ஃபோட்டோதானே?"

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். திரையில் தெரிவது ஒரு கணக்கு. 25 மி.மீ. தகட்டின் அடிவரை போய்த் திரும்ப ஒலிக்கு 8.4 மைக்ரோ விநாடி ஆகும். கருவி அளப்பது இந்த நேரத்தையும், திரும்பி வந்த எதிரொலி எவ்வளவு பலமானது என்பதையும்தான். ஒலியின் வேகம், கோணம், தகட்டின் கனம் எல்லாம் நாம் சொல்லிக் கொடுத்தவை. நேரத்தை வேகத்தால் பெருக்கி, பாதியாக்கி, கோணத்தின் வழியே நீட்டி, "இங்கே இருக்கிறது" என்று ஒரு புள்ளி வைக்கிறது. எதிரொலியை அப்படியே கோடாகக் காட்டினால் ஏ-ஸ்கேன். பல கோடுகளை அடுக்கிக் குறுக்குவெட்டாகக் காட்டினால் பி-ஸ்கேன். மேலிருந்து பார்க்கிற வரைபடமாக விரித்தால் சி-ஸ்கேன்.

வேகத்தைத் தப்பாகக் கொடுத்தால் கருவி உங்களோடு சண்டைக்கு வராது. விரிசலைத் தப்பான இடத்தில் அழகாக வரைந்து கொடுக்கும். அதனால்தான் வேலை தொடங்கும் முன்பு, நடுவில், முடிந்த பின்பு என்று அளவுக் கட்டையில் வைத்துச் சரிபார்க்கிறோம். வி-1 கட்டையில் 100 மி.மீ. ஆரம் 100 என்றே காட்ட வேண்டும். புரோபின் அடி தேய்ந்திருந்தால் கோணமே ஒன்றிரண்டு டிகிரி மாறியிருக்கும், அதையும் அங்கேதான் கண்டுபிடிப்போம். அப்புறம் நிறங்கள். சிவப்பு என்றால் ஆபத்து என்று அர்த்தமில்லை. எதிரொலி பலமாக வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். வெல்டின் அடியில் பிதுங்கிய நல்ல உலோகமும் சிவப்பாகத் தெரியும். சாய்ந்து நிற்கும் கொடிய விரிசல் வெளிர்நீலமாக ஒரு மூலையில் கிடக்கும்.

"நேரா கீழ பாத்து வெச்சாப் போதாதா? எதுக்கு 45, 60, 70ன்னு இத்தனை புரோபு?"

இருட்டறையில் டார்ச் அடித்து ஒரு கண்ணாடியைத் தேடுகிறீர்கள். கண்ணாடி உங்களைப் பார்த்து நின்றால் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். விளிம்பைக் காட்டி நின்றால் பக்கத்தில் போனாலும் தெரியாது. தகட்டின் மேலிருந்து நேராகக் கீழே போகும் ஒலிக்கு, செங்குத்தான விரிசல் விளிம்பு காட்டித்தான் நிற்கிறது. அதனால் சாய்த்து அனுப்புகிறோம். புரோபுக்குக் கீழே இருக்கும் ஆப்பு, பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக். அதற்குள் ஒலி 2,730 மீட்டர் வேகத்தில் போகும், எஃகில் நுழையும்போது வளையும். ஆப்புக்குள் சாய்வு 27.5 டிகிரியைத் தாண்டினால் நெட்டலை (போகும் திசையிலேயே அதிரும் அலை) எஃகுக்குள் வராது. 3,240 மீட்டர் வேகத்தில் போகும் குறுக்கலை (போகும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை) மட்டும் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து வந்தால் எந்த எதிரொலி எதனுடையது என்ற குழப்பம் வரும், ஆகவே ஒன்று ஒழிந்தது நல்லதுதான்.

எந்தக் கோணம் என்பதை வெல்டின் வடிவம் சொல்லும். 60 டிகிரி வி-வெல்டில் ஒவ்வொரு ஓரமும் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருக்கும். அந்த ஓரத்தில் உலோகம் ஒட்டாமல் விட்டிருந்தால், 60 டிகிரி புரோபின் ஒலி தகட்டின் அடியில் பட்டு மேலே ஏறும்போது அந்த முகத்தில் நேருக்கு நேர் மோதும். வேறு கோணத்தில் போனால் கேரம் காய் மாதிரி வேறு பக்கம் தெறிக்கும். அடிப்பரப்பிலிருந்து நிமிர்ந்து எழும் விரிசலுக்கு 45 நல்லது. இரண்டு சுவர் சேரும் மூலையில் உருட்டிவிட்ட பந்து வந்த வழியே திரும்புகிற மாதிரி, ஒலி திரும்பிவிடும். அதே மூலைக்கு 60 வைத்தால் ஒலியில் ஒரு பங்கு நெட்டலையாக மாறி எங்கேயோ போய்விடும், எதிரொலி நம்மை ஏமாற்றும் அளவுக்குச் சிறுத்துவிடும்.

"எவ்வளவு சின்ன விரிசல் வரைக்கும் மாட்டும்?"

வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். எஃகில் குறுக்கலைக்கு 2 மெகாஹெர்ட்ஸில் 1.6 மி.மீ., 5 மெகாஹெர்ட்ஸில் 0.65 மி.மீ. அலைநீளத்தில் பாதிக்குக் கீழே போனால் எதிரொலியை நம்ப முடியாது என்பது எங்கள் கைக்கணக்கு. அப்படியென்றால் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போகலாமே என்றால், ஏற ஏற ஒலி சீக்கிரம் களைத்துவிடும். கனமான தகட்டில் அடிவரை போய்ச் சேராது.

ஆனால் "எவ்வளவு சின்னது தெரியும்" என்பதோடு "எவ்வளவு சின்னது கொல்லும்" என்றும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஓஹியோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 மாலை, வண்டிகள் நிறைந்திருந்த நேரத்தில் அப்படியே ஆற்றில் விழுந்தது. 46 பேர் செத்தார்கள். காரணம், பாலத்தைத் தாங்கிய கண்கம்பி ஒன்றின் துளைக்குள் சுமார் 2.5 மி.மீ. ஆழத்தில் இருந்த விரிசல். துருவும் இழுவிசையும் சேர்ந்து பல வருடம் வளர்த்தது. அது இருந்த இடத்தை மூட்டைப் பிரிக்காமல் அன்றைய வழிகளில் பார்க்கவே முடியாது. அந்த எஃகு அவ்வளவு சிறிய விரிசலைக்கூடத் தாங்காத ரகம், ஜோடியில் ஒரு கம்பி போனால் மீதி ஒன்றால் சுமையைத் தாங்கவும் முடியாது. எந்த அளவு விரிசலைத் தேடுகிறோம் என்பதை எஃகையும் சுமையையும் வைத்து வடிவமைப்பாளர் முதலில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் புரோபு எடுப்பது.

"ஃபேஸ்டு அரேன்னா என்னண்ணே? அதே மாதிரிதான இருக்கு, விலை மட்டும் ஏன் அவ்வளவு?"

குளத்துப் படியில் பதினாறு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கல்லைப் போட்டால் அலை நேராக எதிர்க்கரைக்குப் போகும். இடது ஓரத்துப் பிள்ளை முதலில், அடுத்தவன் ஒரு நொடி தள்ளி, அதற்கடுத்தவன் இன்னும் தள்ளி என்று போட்டால் அலை வலப்பக்கம் சாய்ந்து போகும். இரண்டு ஓரமும் முதலில், நடு கடைசியில் என்றால் அலைகள் ஓர் இடத்தில் குவியும். ஃபேஸ்டு அரே புரோபுக்குள் ஒரே படிகத்துக்குப் பதிலாக 16, 32, 64 என்று குட்டிப் படிகங்கள் வரிசையாக இருக்கின்றன. நானோ விநாடிக் கணக்கில் தாமதம் கொடுத்துக் கருவி ஒவ்வொன்றாக அதிரவிடுகிறது. புரோபு அசையாமலே 40-லிருந்து 70 டிகிரி வரை விசிறி மாதிரி வீசிப் பார்த்துவிடலாம். அந்த விசிறிப் படம்தான் எஸ்-ஸ்கேன்.

விலை அந்தத் தாமத மின்னணுவுக்கும், ஒவ்வொரு படிகத்துக்கும் தனித்தனியாகப் போகும் கம்பிக்கும். பெரிய லாபம் பதிவுதான். சாதாரண யூடியில் நான் பார்த்தது என் கண்ணோடு போச்சு. இதில் முழு வெல்டின் தரவும் கோப்பாக இருக்கும், ஐந்து வருடம் கழித்து இன்னொருவர் திறந்து பார்த்து என் முடிவோடு மல்லுக்கு நிற்கலாம். ஆனால் கோணம் பற்றி மேலே சொன்னது இதிலும் மாறவில்லை. விசிறியின் ஓரக் கோணங்களில் பலம் குறையும், புரோபை வெல்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சில பகுதிகள் விசிறிக்குள் வரவே வராது. வேலைக்கு முன்பே காகிதத்தில் வெல்டை வரைந்து, எந்தக் கதிர் எங்கே படும் என்று ஸ்கேன் பிளான் போடாமல் தொடங்கினால் பழைய யூடியைவிட மோசமான சோதனையைக்கூட இந்தக் கருவியால் செய்துவிட முடியும்.

"டோஃப்டி படத்துல ஒரே சாம்பல் கோடா இருக்கு. அதுல விரிசல் எங்க இருக்கு?"

டோஃப்டி எதிரொலியை நம்புவதில்லை. 1970-களில் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் மாரிஸ் சில்க் உருவாக்கிய முறை இது. வெல்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புரோபு அனுப்பும், அந்தப் பக்கம் இன்னொன்று கேட்கும். ஒலி விரிசலின் நுனியில் படும்போது அங்கிருந்து எல்லாத் திசையிலும் மெலிதாகச் சிதறும். மேல்நுனியிலிருந்து வருவது கொஞ்சம் முன்னே, கீழ்நுனியிலிருந்து வருவது கொஞ்சம் பின்னே. அந்த இரண்டு நேரத்தின் வித்தியாசத்திலிருந்து விரிசலின் உயரத்தைக் கணக்கிடலாம். நுனிச் சிதறல் எல்லாப் பக்கமும் போவதால், விரிசல் எந்தச் சாய்வில் நின்றாலும் பெரும்பாலும் மாட்டிவிடும். இதன் பலமே அதுதான்.

படத்தில் முதல் கோடு மேற்பரப்பை ஒட்டி நேராக வந்த அலை, கடைசிக் கோடு அடிப்பரப்பு. நடுவில் வில் மாதிரி வளைந்து கிடப்பவைதான் நுனிகள். ஒரு கைவழக்கம் சொல்கிறேன்: கோடு கறுப்பில் தொடங்குகிறதா வெளுப்பில் தொடங்குகிறதா என்று பாருங்கள். மேல்நுனி அடிப்பரப்புக் கோட்டின் வரிசையில் இருக்கும், கீழ்நுனி மேற்பரப்புக் கோட்டின் வரிசையில் இருக்கும். அந்த ஜோடி சேர்ந்தால்தான் உயரம் எடுக்கலாம். குறை என்றால், முதல் கோடு தடிமனாக இருப்பதால் மேற்பரப்புக்குக் கீழே சில மில்லிமீட்டர் அதற்குள் மறைந்துபோகும். அந்தப் பகுதிக்கு மேக்னடிக் பார்ட்டிகிளோ (காந்தத் துகள் சோதனை) ஃபேஸ்டு அரேயோ சேர்த்துப் போட வேண்டும்.

"டிஎஃப்எம் வந்தாச்சே சார், அதுல கோணமே போட வேண்டாம்னு சொல்றாங்களே?"

பாதி சரி. டிஎஃப்எம் என்பது எல்லாப் புள்ளியையும் குவித்துப் படம் எடுக்கும் முறை. 64 படிகத்தில் ஒன்றை மட்டும் அதிரவிட்டு 64-லும் கேட்க வேண்டும், பிறகு அடுத்ததை. இப்படி 64 தடவை செய்தால் 4,096 சிக்னல் சேரும். அதன்பிறகு வெல்டுக்குள் ஒவ்வொரு புள்ளியாக எடுத்து, "குறை இங்கே இருந்திருந்தால் இந்தச் சிக்னல் எந்த நேரத்தில் வந்திருக்கும்" என்று பார்த்துக் கூட்டினால் படம் வரும். எல்லாப் புள்ளியும் குவிந்திருக்கும் என்பதால் படம் கூர்மையாக இருக்கும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஹோம்ஸ், டிரிங்க்வாட்டர், வில்காக்ஸ் 2005-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது வேகமாகப் பரவியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) விதித்தொகுப்பில் 2019 பதிப்பில் இடம்பிடித்தது.

மீதிப் பாதி என்னவென்றால், கோணத்துக்குப் பதிலாகப் பாதையைச் சொல்ல வேண்டும். ஒலி நேராகப் போய் நேராகத் திரும்பியதா, அடியில் ஒரு தடவை மோதிப் போனதா, நெட்டலையா குறுக்கலையா? ஒரே தரவில் பாதையை மாற்றினால் படமே மாறும். நேர்ப்பாதையில் நிமிர்ந்த விரிசலின் இரண்டு நுனியும் இரண்டு புள்ளியாகத் தெரியும், நடுவில் வெறுமை. அதைப் பார்த்து "ரெண்டு சின்னத் துளை" என்று எழுதிய ரிப்போர்ட்டை என் கையால் திருத்தியிருக்கிறேன். அடியில் மோதிப் போகும் பாதையைத் தேர்ந்தெடுத்ததும் அதே தரவில் முழு விரிசலும் கோடாக எழுந்து நின்றது.

"எக்ஸ்ரே இருக்கும்போது இது எதுக்குங்க தம்பி?"

ஒரு முதலாளி கேட்டது. எக்ஸ்ரேயும் காமாவும் உலோகம் எங்கே குறைகிறது என்று காட்டும். காற்றுக் குமிழ், கசடு எல்லாம் பளிச்சென்று விழும். விரிசல் கதிரின் திசையிலேயே நின்றால் தெரியும், கொஞ்சம் சாய்ந்தால் கனத்தில் வித்தியாசமே வராது, ஃபிலிம் சுத்தமாக இருக்கும். யூடிக்கோ முகம் காட்டி நிற்கும் தட்டையான குறைதான் எளிது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை.

வேலை நடக்கிற விதமும் வேறு. காமா கதிர் தரும் இரிடியம்-192 வைத்து எடுப்பதென்றால் ஆளெல்லாம் போன பிறகு ராத்திரியில் கயிறு கட்டி, விளக்கு வைத்து எடுக்க வேண்டும். 74 நாளுக்கு ஒருமுறை அதன் பலம் பாதியாகிவிடும். யூடிக்கு அதெல்லாம் வேண்டாம். பக்கத்து மேசையில் வெல்டிங் நடக்க நடக்கப் பார்க்கலாம்.

"ரூட்ல எப்பவுமே ஒரு எக்கோ நிக்குது. அது கிராக்கா, இல்ல ரூட்டேவான்னு எப்படிச் சொல்றது?"

ரூட் என்பது வெல்டின் அடிப்பகுதி. இதுதான் என் பிள்ளைகளை அதிகம் தடுமாற வைப்பது. இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். வெல்டின் நடுக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது எதிரொலி நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் வலப்பக்கம் விழுகிறது. வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் இடப்பக்கம் விழுகிறது. அப்படியென்றால் அது அடியில் பிதுங்கிய ரூட். ஒலி பிதுக்கத்தின் தூரத்து ஓரத்தில் பட்டு வருகிறது. இரண்டுமே நடுக்கோட்டைத் தொடாமல் தங்கள் பக்கமே நின்றால் ரூட் நிரம்பவில்லை. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே நின்றுவிடுங்கள். விரிசலாக இருக்கலாம்.

அப்புறம் கை பேச வேண்டும். எதிரொலி உச்சத்தில் இருக்கும்போது புரோபை இடத்தை விட்டு நகர்த்தாமல் மெல்லத் திருப்புங்கள். காற்றுக் குமிழ் என்றால் எதிரொலி சாவகாசமாக நிற்கும், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் உருண்டை உருண்டைதானே. வழவழப்பான தட்டை முகம் என்றால் பத்து டிகிரி திருப்புவதற்குள் சரிந்து விழும். விரிசலின் முகம் கரடுமுரடு. புரோபை முன்பின்னாக நகர்த்தும்போது ஒரே முள் இல்லாமல் நாலைந்து முள் மாறி மாறி எழுந்து அடங்கும். எரியும் விறகில் சுடர் மாறுகிற மாதிரி. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. முதல்முறை பார்க்கும்போது பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும்.

"வெல்டிங் முடிஞ்ச அன்னிக்கே டெஸ்ட் பண்ணிக் குடுங்களேன், வண்டி நிக்குது."

கேள்வி இல்லை, ஆனால் தினமும் கேட்பது இதுதான். வெல்டிங்கின்போது ஈரத்திலிருந்தும் எலக்ட்ரோடு பூச்சிலிருந்தும் ஹைட்ரஜன் உள்ளே போகும். உலோகம் ஆறிய பிறகும் அது அணு அணுவாக நகர்ந்து, இறுகிப்போன, கடினமான இடங்களில் சேரும். விரிசல் மணிக்கணக்கில் கழித்தோ, ஒரு நாள் கழித்தோ திறக்கும். கனமான, வலுக்கூடிய எஃகுக்கு 48 மணி நேரம் கழித்துச் சோதிக்கச் சொல்வது அதனால்தான். ஒரு பட்டறையில் 50 மி.மீ. தகட்டை வெல்டு செய்த சாயங்காலமே என்னைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், சுத்தம், கையெழுத்தும் போட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் காலை நானாகவே போய் மறுபடி வைத்தேன். வெல்டுக்குக் குறுக்கே 40 மி.மீ. நீளத்தில் விரிசல். குறுக்கு விரிசல் என்பதால், வெல்டின் மேடை கிரைண்டிங் செய்து புரோபை வெல்டின் மேலேயே நீளவாக்கில் ஓட்டியபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து வண்டி எவ்வளவு நேரம் நின்றாலும் நான் 48 மணி நேரத்துக்கு முன்னால் கை வைப்பதில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மெம்ஃபிஸ் பாலம் சாட்சி. மிசிசிப்பி ஆற்றின் மேல் 1973-ல் திறந்த ஹெர்னாண்டோ டி சோட்டோ பாலத்தில், 2021 மே 11 அன்று இழுவைக் கர்டர் பெரும்பகுதி பிளந்து நிற்பதைக் கண்டு போக்குவரத்தையே நிறுத்தினார்கள். ஆராய்ந்தபோது வேர் எங்கே இருந்தது என்றால், கட்டும்போது போட்ட வெல்டில் ஹைட்ரஜனால் வந்த விரிசலில்.

"எஸ்எஸ் வெல்டுல வெச்சா ஸ்கிரீன் பூரா புல்லு மொளைக்குது. ஏன்?"

ஸ்டெயின்லெஸ் வெல்டில் உலோக மணிகள் பெரிதாக, நீண்டு, ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கும். ஒலி ஒவ்வொரு மணியின் எல்லையிலும் கொஞ்சம் சிதறும், வழியும் வளையும். அந்தச் சிதறல்தான் புல். குறுக்கலையை விட்டுவிட்டு நெட்டலையைச் சாய்த்து அனுப்புங்கள், அதிர்வெண்ணை 2 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள், அனுப்ப ஒன்று கேட்க ஒன்று என்று இரட்டைப் படிகப் புரோபு எடுங்கள். அளவுக் கட்டையும் அதே வகை வெல்டோடு இருக்க வேண்டும். சாதாரண இரும்புக் கட்டையில் சரிபார்த்துவிட்டு எஸ்எஸ் பார்ப்பது வீண்.

ஒலி எவ்வளவு கடினமான இடத்திலும் கண்ணாக முடியும் என்பதற்குக் கல்பாக்கம் நல்ல உதாரணம். வேக ஈனுலை என்ற அணு உலையில் உருகிய சோடியத்துக்குள் ஒன்றுமே தெரியாது, கேமரா உதவாது. அதற்குள் பார்க்க அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அல்ட்ராசானிக் ஸ்கேனரையே உருவாக்கினார்கள்.

"தண்டவாளத்துல தள்ளுவண்டி தள்ளிட்டுப் போறாங்களே, அது எல்லா விரிசலையும் புடிச்சிடுமா?"

அந்த வண்டிக்கு அடியில் நேர்ப் புரோபும் 70 டிகிரிப் புரோபுகளும் இருக்கும், பசைக்குப் பதில் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். தண்டவாளத் தலைக்குள் குறுக்கே வளரும் விரிசலுக்கு 70, போல்ட் துளைகளுக்கும் அடிக்கும் வேறு புரோபுகள். வெயிலில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து பார்க்கிற அந்த மனிதர்களின் வேலை மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பிடிக்காமல் போகும் சூழ்நிலையும் உண்டு. 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்டில் ஓடும் ரயிலுக்குக் கீழே தண்டவாளம் சுக்குநூறானது. நான்கு பேர் இறந்தார்கள். சக்கரம் உருண்டு உருண்டு தலையின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய விரிசல்கள் வந்திருந்தன. மேலே இப்படிக் கூட்டமாக விரிசல் இருந்தால் ஒலி அங்கேயே சிதறிவிடும். கீழே ஆழமாக இறங்கியது அந்த நிழலில் ஒளிந்துகொள்ளும். மேற்பரப்பு கெட்டுப்போன தண்டவாளத்தில் சிக்னல் வராவிட்டால் அதை "நல்லது" என்று படிக்கக் கூடாது, "பார்க்க முடியவில்லை" என்றுதான் படிக்க வேண்டும். ஹாட்ஃபீல்டில் மாற்றுத் தண்டவாளம் பக்கத்திலேயே வந்து கிடந்தது, மாட்டத்தான் இல்லை.

"எங்க கான்கிரீட் தூண்லயும் இதையே வெச்சுப் பாக்கலாமா?"

இதே புரோபால் முடியாது. ஜல்லி, மணல், குமிழ் எல்லாம் 5 மெகாஹெர்ட்ஸை உடனே தின்றுவிடும். 50 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்க வேண்டும். கான்கிரீட்டில் வேகம் சுமார் 4,000 மீட்டர், ஆக அலைநீளம் 80 மி.மீ. முடி விரிசல் இதில் தெரியாது. தேன்கூடு மாதிரி வெற்றிடம், பெரிய பிளவு, தகட்டின் கனம் தெரியும். பசை இல்லாமல் ஊசிமுனையாய்த் தொடும் பல புரோபுகளை வரிசையாக வைத்துப் படம் எடுக்கும் கருவிகளும் இருக்கின்றன, அவை நன்றாகவே உதவும்.

"விரிசல் இறுக்கமா மூடிக்கிட்டு இருந்தா?"

நல்ல கேள்வி, பயப்பட வேண்டிய கேள்வி. காற்றுச் சுவர் இருப்பதால்தான் ஒலி திரும்புகிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். அழுத்தத்தில் இரண்டு முகமும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால், தொடும் இடங்கள் வழியே ஒலி தாண்டிப் போய்விடும். எதிரொலி சிறுக்கும், விரிசல் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். உலோகச் சோர்வால் வரும் விரிசல், சுமை இறங்கியதும் இப்படித்தான் மூடிக்கொள்ளும்.

முடிந்தால் சுமை இருக்கும்போது சோதியுங்கள். தொங்கும் கர்டர் என்றால் விரிசல் வாய் திறக்கும் நிலையில் பாருங்கள். எதிரொலியின் உயரத்தை மட்டும் வைத்து அளவு சொல்லாமல், நுனியைத் தேடுங்கள். மூடிய முகங்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும்போது அனுப்பிய அதிர்வெண்ணின் இரு மடங்கிலோ பாதியிலோ புது ஒலி பிறக்கும். அதைக் கேட்டுப் படமாக்கும் முறைகள் ஆராய்ச்சிக் கூடங்களில் நன்றாக வளர்ந்து வருகின்றன. பட்டறைக்கு வந்தால் நான்தான் முதல் ஆளாக வாங்குவேன்.

"இந்த வேலைக்கு வர என்ன படிக்கணும்ணா?"

டிப்ளமோ மெக்கானிக்கல் இருந்தால் வசதி. லெவல் ஒன், டூ, த்ரீ என்று படி இருக்கிறது. லெவல் டூ வந்தால்தான் நீங்களே முடிவு சொல்லிக் கையெழுத்துப் போடலாம். சேதமில்லாச் சோதனைக்கான இந்தியச் சங்கம் சென்னையில்தான் இருக்கிறது, பயிற்சியும் தேர்வும் நடத்துகிறார்கள். சான்றிதழுக்குச் சொன்ன மணிக்கணக்கில் பாதியைத் தேநீர்க் கடையில் கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்து வருத்தப்படுகிறேன். ரூட் எதிரொலி பற்றிச் சொன்னதெல்லாம் கையில்தான் வரும்.

"ரிப்போர்ட்ல 'பதிவு செய்யத்தக்க குறை இல்லை'ன்னு போட்டிருக்கே. அப்போ விரிசலே இல்லைன்னுதானே அர்த்தம்?"

இந்தப் புரோபுகளால், இந்தக் கோணங்களில், இந்த அளவு உணர்திறனில், ஒலி போய்ச் சேர்ந்த இடம் வரைக்கும், பதிவு செய்யும் எல்லையைத் தாண்டிய எதிரொலி வரவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் அது சொல்கிறது. நல்ல ரிப்போர்ட் அதை மறைக்காது. எந்தக் கோணம், எந்த அதிர்வெண், எத்தனை மி.மீ. துளையை வைத்து உணர்திறனை நிர்ணயித்தோம், வெல்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தோமா, குறுக்கு விரிசலுக்கு நீளவாக்கில் ஓட்டினோமா, வெல்டு முடிந்து எத்தனை மணி நேரம் கழித்து என்றெல்லாம் இருக்கும்.

வாங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டியது "சோதிக்க இயலாத பகுதி" என்ற வரியை. கலனில் நாசில் (குழாய் இணைக்கும் வாய்) சேரும் இடத்தில் ஒரு பக்கம் புரோபு வைக்க இடமே இருக்காது. பக்கத்தில் ஒரு சப்போர்ட் தகடு நின்றால் பத்து சென்டிமீட்டர் வெல்டு விட்டுப்போகும். அந்த வரி காலியாக இருந்தால் சோதித்தவரைக் கூப்பிட்டு, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாசிலை எந்தப் பக்கமிருந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அவர் இடத்தைத் தொட்டுக் காட்டட்டும். விட்டுப்போனது இருந்தால் எக்ஸ்ரேயா, டோஃப்டியா, சப்போர்ட்டை வெட்டி எடுப்பதா என்று அங்கேயே முடிவு செய்யலாம். கலன் பெயிண்ட் அடித்து லாரியில் ஏறுவதற்கு முன்னால் என்றால் அரை நாள் வேலைதான் அது.